உப்புச் சுண்ணாம்பு அடித்த வீடு

வீட்டிலிருந்த மூன்று விளக்குகளையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் வந்து நின்றேன். உள்ளே இருக்கும் வட்டத் தகடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலக யுத்த காலம். மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பூந்தமல்லி வட்டாரத்தில் நான் அப்போது வயர்மேன். அந்த வீடு குமணன்சாவடியில், சவரிமுத்து என்பவருடையது. அவர் மனைவி மரியம்மாள், ஆவடி ராணுவ முகாமுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் காண்ட்ராக்டரிடம் துணி வாங்கி வீட்டில் தைப்பவர். பகலெல்லாம் சமையல், தண்ணீர், கைக்குழந்தை. பொழுது சாய்ந்த பிறகுதான் தையல் மிஷினில் உட்கார முடியும். சொன்ன நாளில் சட்டை போகாவிட்டால் அடுத்த கட்டுத் துணி வேறு வீட்டுக்குப் போய்விடும்.

மார்கழியிலிருந்து அந்த வீட்டு பில் ஏறிக்கொண்டே வந்தது. முதல் புகாருக்கு எங்கள் மேலதிகாரி போர்மேன் சொன்ன பதில், "சிக்கனமா எரிக்கச் சொல்லுய்யா" என்பதுதான். நானும் போய்ச் சொன்னேன். அவர்கள் அப்படியே செய்தார்கள். சமையலறை பல்பைக் கழற்றினார்கள். மற்ற இடங்களில் சின்ன பல்பு போட்டார்கள். மிஷினுக்கு மேலே தொங்கிய விளக்கு மட்டும் முன்போல எரிந்தது. அப்படியும் பில் ஏறியது.

"இருட்டுல சோறு துன்றோம் அண்ணாத்தே. மீனு முள்ளு எது, சதை எதுன்னே தெரில. அப்பவும் பில்லு ஏறிக்கினே போவுதே, இன்னா ஞாயம்?" என்றார் மரியம்மாள்.

"பேய் தின்னுது போல" என்று சிரித்தார் சவரிமுத்து. "செவுத்துல சாஞ்சா எறும்பு கடிக்கிற மாதிரி கீது. பேயிக்குப் பல்லு சின்னது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளை. அந்தக் காலத்தில் வயரை பள்ளம் வெட்டிய மெல்லிய பலகைப் பட்டைக்குள் வைத்துச் சுவரோடு அடித்திருப்போம். கேஸிங் என்போம். அந்தக் கேஸிங்கும் வெள்ளையாக இருந்தது.

"எப்ப சுண்ணாம்பு அடிச்சீங்க?"

"கிறிஸ்மஸுக்கு வருசா வருசம் அடிப்போம். பட்டை மட்டும் கோடு போட்டாப்ல அசிங்கமா தெரியும், அதுக்கும் சேத்து ரெண்டு கை இட்டுடுவேன்" என்றார் சவரிமுத்து.

"உப்பு போட்டீங்களா?"

"போடாம? உப்பு போட்டாத்தானே கையில ஒட்டாது."

வருஷக்கணக்காக உப்புத் தண்ணீர் பட்டையின் இடுக்கில் இறங்கி, வயரின் ரப்பரைத் தின்றிருந்தது. கரண்ட் விளக்குக்குப் போகாமல் உப்பால் ஈரம் பிடித்த சுவர் வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. வயரில் கசிவு பார்க்கும் மெக்கர் கருவியை வைத்து, அதன் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். முள் கிட்டத்தட்ட சைபரிலேயே கிடந்தது. வீடு முழுவதும் அப்படித்தான்.

புது வயர் இழுக்க வேண்டும். ரப்பர் வயர் எல்லாம் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஸ்டோரில் ஒரு முழம்கூட இல்லை.

"தைக்கிற நேரம் மட்டும் மெயின் சுவிட்சைப் போட்டுக்கட்டும் சார், பில்லும் குறையும்" என்று போர்மேனிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அந்த நேரத்துல கொழந்தை செவுத்தப் புடிச்சுகினு எழுந்து நின்னா? நீ பதில் சொல்லுவியா? இணைப்பைக் கழட்டிட்டு வா."

அவர் சொன்னது சரி. ஏணியைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன்.

நான் ஏணியில் ஏறியபோது மரியம்மாள் கீழே நின்றார். "பில்லக் கொறைக்கத்தானே உன்னக் கூப்ட்டோம்? இந்தக் கட்டு முடியட்டும் அண்ணாத்தே, நாலு சட்டதான் கீது" என்றார். இடுப்பிலிருந்த குழந்தை சுவரை எட்டித் தொட்டுக்கொண்டிருந்தது. நான் கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

மண்ணெண்ணெயும் ரேஷன் அளவுதான் அப்போது, விளக்கு வைத்துத் தைக்கப் போதாது. அடுத்த கட்டுத் துணி அவர்களுக்கு வரவில்லை.

யுத்தம் முடிந்து வயர் வந்ததும் முதல் சுருளை அந்த வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு போனேன். மிஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. சவரிமுத்து என் தோளில் இருந்த சுருளைப் பார்த்தார். "மிஷினை வித்தாச்சு. இனிமே வெளக்கு இன்னாத்துக்கு?" என்றார். மரியம்மாள் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பில் ஏறும் வீட்டில் சிக்கனம் பேசுவதற்கு முன்னால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் தகட்டைப் பாருங்கள். முன்பே பார்த்திருந்தாலும் அன்றைக்கு வயர் கிடைத்திருக்காது, மிஷினும் தப்பியிருக்காது. ஆனால் அவர்கள் அத்தனை நாள் இருட்டில் உட்கார்ந்து மீன் முள்ளைத் தடவிக்கொண்டிருந்திருக்க வேண்டாம்.