கோமுகித் தென்றலின் பெண் குரல்

கரும்புக் கொல்லையில் சோகை எனும் காய்ந்த தோகையை உரிக்கும்போது கொளஞ்சியம்மாள் ஜோடிப் பாட்டுதான் பாடுவாள். அதிலும் பெண் வரிகளை மட்டும். ஆண் பாடும் இடம் வந்தால் வாயை மூடிக்கொண்டு கரும்பை உரிப்பாள். பிறகு தாளம் பிசகாமல் தன் வரியை எடுப்பாள். பக்கத்தில் உரிக்கும் பச்சையம்மாளுக்கு இது சகிப்பதில்லை. "நடுவுல இன்னாடி தூங்கிப் போயிடற?" என்பாள். "மாஸ்டரு பாடிக்கினு இருக்காரு, சும்மா இருடி" என்று பதில் வரும்.

மாஸ்டர் என்றால் தங்கதுரை, 'கோமுகித் தென்றல்' இன்னிசைக் குழுவின் பாடகர். தொண்ணூறுகளில் மூங்கில்துறைப்பட்டு தொடங்கி நைனார்பாளையம் வரை அந்தக் குழு வராத திருவிழா திருவிழாவே இல்லை. ஒரே ஆள் ஆண் குரலிலும் பெண் குரலிலும் பாடுகிறார் என்று ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. பெண் குரலின்போது தங்கதுரை மைக்கால் வாயை மறைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பாடியது கொளஞ்சி, மேடைப் படுதாவுக்குப் பின்னால், தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து, தனி மைக்கில். "பாடு. ஆனா மூஞ்சி தெரிய மேடையேறினீன்னா என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்பது அவள் அண்ணன் வீரமுத்து போட்ட சட்டம். கல்யாணத்தோடு அதுவும் நின்றது.

இப்போது புடவைமேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையெல்லாம் சோகை கிழித்த கோடு. பேச்சில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது. டீக்கடையில், "கரும்பு ஒரிக்கறவளுக்கே சக்கர கம்மியா போடறியே, வெளங்குவியா?" என்பாள்.

சென்ற தையில் யாரோ பழைய திருவிழா வீடியோவைச் செல்போனில் ஏற்றிவிட்டார்கள். தங்கதுரையை முதலில் அதிசயப் பிறவி என்றது ஊர். குழுவில் தபேலா வாசித்தவர் பேச்சுவாக்கில் உண்மையை உளறியதும் அதே ஊர், "ஏமாத்துக் கும்பல்" என்று மாற்றிப் பேசியது. தங்கதுரை வெளியே தலைகாட்டுவதை விட்டார்.

டீக்கடையில் இளவரசன் என்ற பையன், "சும்மா வாயசைச்சுக்கினு நின்ன ஆளு" என்று சிரித்த அன்று கொளஞ்சி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"யாரை ஏமாத்தினோம்? பாட்டு கேக்க வந்தீங்க, பாட்டு கேட்டீங்க. பொம்பள மேடையேறினா குடி கெட்டுச்சுன்னு சொன்னது யாரு? உங்கப்பனும் எங்கண்ணனும்தானே? அந்த மனுஷன் வாய குடுக்கலன்னா என் கொரலு யாரு காதுல வுழுந்திருக்கும்? ஆமாண்டா, நான்தான் பாடினேன். போய் அதையும் செல்லுல போடு."

போட்டுவிட்டான். அன்று சாயங்காலமே வீரமுத்து வந்து நின்றார்.

"அது நான் இல்லன்னு சொல்லிடு. இந்த வயசுல மானத்த வாங்காத. மீறினா என் வூட்டு நல்லது கெட்டது எதுக்கும் வராத."

கூடப் பிறந்தவர் அப்படிச் சொன்னது அவளுக்கு வலித்தது, மறைக்கவில்லை, அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "அந்த வாசப்படிக்குத்தான் இத்தினி வருசமா வாய மூடிக்கினு கெடந்தேன் அண்ணே. போதும்."

ஆடியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குழுவைத் திரட்டியவள் அவள்தான். தங்கதுரை வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "நீ வரலன்னா ஆம்பள வரியையும் நானே பாடிடுவேன் மாஸ்டரு, கேக்க சகிக்காது" என்று மிரட்டி அழைத்து வந்தாள். கீழத் தெரு கோடியில் வீரமுத்து கதவைச் சாத்திக்கொண்டார். கொளஞ்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை வெளிச்சத்துக்கு வந்தாள்.

"அடுத்து, தங்கதுரை குழுவினர்..." என்று ஆரம்பித்தார் அறிவிப்பாளர்.

"பொம்பளக் கொரலு கொளஞ்சியம்மாள்னு சொல்லு."

அவர் சொல்ல வாயெடுத்தார். "இரு, இரு" என்று கையமர்த்திவிட்டு அவள் மேடையோரம் போனாள். மூங்கிலில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கி கடைவீதியைப் பார்த்திருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, வீரமுத்து வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"இப்ப சொல்லு."