நாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவர்

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அன்று அந்த நாய் என் மார்பில் கீறிய தழும்பு இன்னும் மறையவில்லை.

1958, ஆனி மாதம். மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் எனக்கு எடை போடும் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். பஸ்ஸைத் தவறவிட்டால் கொள்ளிடத்தில் இறங்கி மணலிலேயே நடந்து வந்துவிடுவேன். அந்த மாதத்தில் நடு ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடும்.

அன்றும் அப்படித்தான். மணி ஆறே முக்கால் இருக்கும். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கடந்து ஸ்ரீரங்கத்துப் பக்க மணலில் ஏறினேன். எதிரே ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். இடது காதில் மட்டும் கடுக்கன். காலடியில் ஒரு செவலை நாய்.

"ஐயா... இதைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க."

ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"எதுக்குங்க?"

"என் பின்னாலயே வந்துடுது. இன்னிக்கு வரக்கூடாது."

என் துண்டை நாயின் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன். அவர் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலைமுடியிலிருந்தும். ஆனால் சொட்டிய இடத்தில் மணல் நனையவில்லை.

பேச்சுக் கொடுத்தேன்.

"பேரு என்னங்க நாய்க்கு?"

"பேரு சொல்லி நான் கூப்பிட்டதே இல்ல."

நாய் குரைக்கவில்லை. வாலாட்டவில்லை. அவர் முகத்தையே பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தடவக் கை நீட்டியவர், தொடாமலே கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு தண்ணீரை நோக்கி நடந்தார்.

கணுக்கால் நனைந்தது. முழங்கால்... இடுப்பு...

சற்று முன் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்த இடம் அது!

மார்பு...

கழுத்து...

சளக்கென்று ஒரு சத்தம்கூட இல்லை.

அப்புறம்... அங்கே யாரும் இல்லை.

நாய் ஊளையிட்டது. அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. துண்டை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. வாரித் தூக்கினேன். மார்பைப் பிராண்டியது. விடவில்லை. கரை ஏறும்வரை நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக் கொல்லையில் அதைக் கட்டிப்போட்டேன். ராத்திரி முழுக்க ஆறு இருக்கும் திசையைப் பார்த்தே நின்றது.

விடியும்போது தெருவில் ஒரே இரைச்சல். கொள்ளிடத்தில் வெள்ளம் என்றார்கள். ராத்திரி திடீரென்று வந்ததாம். நாயை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நான் நடந்து வந்த மணலைக் காணோம். இரு கரையும் தொட்டுச் செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெயர் இருசம்மாள். ஆற்று மணலில் வெள்ளரி போட்டுப் பிழைப்பவள்.

"இதுவும் போச்சுன்னே நெனச்சேங்க. பொழுது சாஞ்சா நடு ஆத்துல போய்ப் படுத்துக்கும். விடிஞ்சாத்தான் வீட்டுக்கு வரும். போன ஐப்பசி வெள்ளத்துல எங்க வீட்டுக்காரரு போனது அந்த எடத்துலதான்."

மெதுவாகக் கேட்டேன்.

"இடது காதுல கடுக்கன் போட்டிருப்பாரா?"

"ஆமாங்க. அவரைத் தெரியுமா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் பேசியதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் அழுகை சட்டென்று நின்றது.

"சொன்னாரா? வாயாலயா?"

"ஆமாம்மா."

"அவரு பொறவி ஊமைங்க. இந்த நாயைக்கூடக் கைதட்டித்தான் கூப்பிடுவாரு."

அங்கிருந்து போய்விடலாம் என்று நாயைக் கட்டியிருந்த துண்டை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. இன்னும் கிட்டே வந்தாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"எப்படிங்க இருந்துச்சு... அவரு குரலு?"