காலி வயிற்றுப் பூச்சிகள்

அண்ணன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. அவன் எனக்கு விட்டுப்போனது ஒரு கண்ணாடிப் பெட்டியையும், அதற்குள் முள்தாடியோடு எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்த ஓர் ஓணானையும்தான். ஆஸ்திரேலியச் சாதி என்று அண்ணன் பெருமையடிப்பான். பர்மாவில், போட்டாதாங் பேட்டையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் தனக்கென்று தனி விளக்கு வைத்திருந்தது அது ஒன்றுதான். “நான் திரும்பி வர்ற வரைக்கும் இது உசுரோட இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனான். அது செத்துவிட்டால் அவன் வரவே மாட்டான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

அவன் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், எழுந்து ஓடுவேன். அம்மா ஓடமாட்டாள். அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு, மஞ்சள் சேலை கட்டி விரதமிருந்தாள். விரத வீட்டுக்குள் முட்டைகூட வரக்கூடாது. ஓணானின் சாப்பாடோ உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சி. நான் அழுது அடம்பிடித்த பிறகு, “சுத்தமான பூச்சியா இருந்தா கொண்டு வா” என்று பாதி மனசோடு விட்டுக்கொடுத்தாள்.

சனிக்கிழமைகளில் அப்பாவோடு லான்மடாவ் சந்தைக்குப் போவேன். அங்கே சுவர்க்கோழியை வறுத்து விற்கும் ஒரு பர்மியப் பெண்மணியிடம், வாணலிக்குப் போகுமுன் குட்டியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வேன். “எல்லாம் சுத்தம், தமீ. ரெண்டு நாளாப் பட்டினி போட்டு வயித்தக் காலி பண்ணிட்டேன்” என்றாள் அவள், பர்மியில் மகளே என்று கூப்பிட்டு. விரத வீட்டுக்கு இதைவிடத் தோதான பூச்சி உலகத்திலேயே கிடையாது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓணான் தின்றது. தின்னத் தின்ன இளைத்தது. வாலின் அடியில் எலும்பு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் அதைப் பார்த்துவிட்டு, “பூச்சிக்கு என்ன போடுற?” என்று கேட்டான். ஒன்றும் போடுவதில்லை என்றேன், பெருமையாக.

“அடிப் பைத்தியம்! பூச்சி பட்டினி கெடந்தா, அதத் தின்னு இதுக்கு என்ன ஒட்டும்?”

அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், மஞ்சள் சேலையோடு அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூச்சி டப்பா. கால் ஒடிந்ததையும் துவண்டதையும் தனியே ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்குப் பூசணியும் கேரட்டும் பொடியாக நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து, “விரதம் வாசப்படிக்கு உள்ளதான்” என்றாள். அந்தச் சட்டத்தை முருகனிடம் எப்போது பேசி முடித்தாளோ தெரியாது. ஒரு நாள் முழுக்கத் தின்னவிட்டு, மறுநாள் ஓணானையும் படிக்கே தூக்கி வந்து ஒவ்வொன்றாக நீட்டினாள். “தின்னுய்யா, இன்னும் ஒண்ணு தின்னு” என்று கெஞ்சினாள். அம்மாவுக்கு ஒருவழியாக ஓணான்மேல் ஆசை வந்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன்.

இரண்டு மாதத்தில் அதன் வயிறு தரையில் உரசியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு திரையில் வந்தான். “சாப்பிட்டியாய்யா?” என்றாள் அம்மா. “அதெல்லாம் ஆச்சும்மா, ஓணானக் காட்டு” என்றான். அவள் போனைப் பெட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்து அழுதாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஓணான் இவ்வளவு கொழுத்திருக்கும்போது எதற்கு அழ வேண்டும்?