இடது கைக்கு மாறிய வருஷம்

நனைந்த கம்பளிப் பந்துக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்த போர்வையைப் பாதி காய்ந்த நிலையில் மடித்து வைத்தால் வருமே, அந்த வாசனை... திருவனந்தபுரத்து மழையில் பால் பேட்மின்டன் ஆடியவர்களுக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் பந்து தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். ஓங்கி அடித்தாலும் வலையைத் தாண்டாது. அப்போதும் ஆட்டத்தை நிறுத்த மாட்டோம்.

கேரளம் பிறப்பதற்கு முன், திரு-கொச்சி ராஜ்யமாக இருந்த காலம். நான் சர்க்கார் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதில் சுண்ணாம்புக் கோடு போட்ட கோர்ட். ஆபீஸ் விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். பக்கத்துக்கு ஐந்து பேர். என் பக்கத்தில் சேகரன் நாயர், ஆபீஸில் அடுத்த மேஜைக்காரன்.

அப்படி ஒரு ஈரச் சாயங்காலம் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

சாலைக் கடைத்தெருப் பக்கத்திலிருந்து ஒரு எலும்பு வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். உளுத்தம் மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பத்துப் போட்டால்தான் கட்டு இறுகும் என்றார் அவர். என் அப்பாவோ தெருவுக்கே வாத்தியார், புரோகிதம் செய்கிறவர். முட்டை என்று காதில் விழுந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அதெல்லாம் இந்த ஆத்துக்குள்ள வரப்படாது. தண்ணியிலயே குழைச்சுக் கட்டுங்கோ, போறும்."

வைத்தியர் தலையைச் சொறிந்துகொண்டே அப்படியே கட்டினார். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது... கோணலாக. பேனா பிடிக்கலாம், சாதம் பிசையலாம். பேட்டை வீசினால் மட்டும் மணிக்கட்டு திரும்ப மறுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்று போயிருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

சேகரன்தான் வழி சொன்னான். "எடோ, வலது கை போயால் எந்தா? இடது கை உண்டல்லோ!" சொன்னதோடு நிற்காமல் பேட்டை என் இடது கையில் திணித்தான்.

முதலில் பந்து ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம். பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. நான் விடவில்லை. பல் தேய்ப்பது, குடை பிடிப்பது, தண்ணீர் மொள்வது எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றினேன். சில மாதங்களில் கை படிந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே படிந்துவிட்டது, அதுதான் வினையாகப் போயிற்று.

தெருப் பிள்ளையார் கோவிலில் ஹோமம். அப்பாதான் எல்லோருக்கும் தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கையை நீட்டினேன்...

இடது கையை!

அப்பா கையிலிருந்த உத்தரணிக் கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. பின்னால் நின்ற மாமி ஒருத்தி "சிவ சிவா" என்றாள். சட்டென்று கையை மாற்றிக்கொண்டேன். அப்பா தீர்த்தத்தை விட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "வாத்தியார் புள்ளை பீச்சாங்கையை நீட்டறான்! இனிமே எவன் என்னைச் சிராத்தத்துக்குக் கூப்பிடுவான்? இன்னியோட அந்த ஆட்டம் போறும். பேட்டை யாருக்காவது குடுத்துடு."

எங்கள் வீட்டில் அப்பா சொன்னால் சொன்னதுதான். இத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொண்டதும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. "முட்டை வேண்டாம்னு சொன்னது யாரு? அவனா?"

அப்பா அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு செப்பு மோதிரம். என் வலது கை விரலில் அவரே போட்டுவிட்டார். "கையை நீட்டறதுக்கு முன்னாடி இதைப் பாரு. இது இருக்கற கை பகவானுக்கு. மத்தது உன் ஆட்டத்துக்கு." சொல்லிவிட்டு அந்தக் கோணல் எலும்பை ஒருதரம் மெல்லத் தடவினார். தப்பு என்னுடையதுதான் என்று வாய்விட்டுச் சொல்கிற மனிதர் இல்லை அவர். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் டிரான்ஸ்ஃபர் ஆன ஊரிலெல்லாம் இடது கையால்தான் ஆடினேன். ரிட்டையர் ஆன பிறகும் ஆடினேன். முழங்கால் ஒருதரம், தோள்பட்டை ஒருதரம் என்று அடிபடாத இடமில்லை.

இப்போதெல்லாம் கை பிசகினால் மறுநாளே ஸ்கேன், பிசியோதெரபி என்று எல்லாம் நடந்துவிடுகிறது. நல்ல காலம்தான், குறை சொல்ல மாட்டேன். ஸ்ரீவராகத்துக் காலி மனையில் வீடுகள் வந்து வெகு காலமாயிற்று.

போன வாரம் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறு தாண்டினாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? கேட்டு வாங்கி நாலு அடி அடித்தேன். இந்தத் தாத்தா இடது கையால் அடிக்கிறாரே என்று எதிரே நின்ற மலையாளிப் பெண்ணுக்கு ஆச்சரியம். "அப்பூப்பன் லெஃப்ட் ஹேண்டர் ஆணல்லே?" என்றாள்.

"அதே மோளே" என்று ஆமாம் போட்டேன்.

அப்பா, அம்மா போய் எத்தனையோ வருஷம். சேகரனும் போய்விட்டான். நான் வலது கைக்காரன் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.