கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்து இடம்

சொல்ல வந்தவை மூன்று. 1. டாக்டர் சொன்னது. 2. நான் சொன்ன பதில். 3. பஸ்ஸில் நடந்தது.

சைனஸில் சதை வளர்ந்து சீழ் கட்டியிருக்கிறது, மேலுதட்டுக்கு உள்ளே கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார் தி. நகர் மூக்கு டாக்டர். "வாசனை தெரியறதா சார்? அது போயிருந்தா ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது."

எனக்குப் பயம். "பேஷாத் தெரியறது. காலையில காபி வாசனையிலதான் எழுந்துக்கறேன்" என்றேன்.

சரி, சொட்டு மருந்திலேயே பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

மயிலாப்பூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனாலும் ஓர் இடம் காலியாக இருந்தது. வயதுக்குத் தரும் மரியாதை என்று நினைத்து உட்கார்ந்தேன். நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் காலடிக் கூடையைக் காட்டிச் சிரித்தாள். "இன்னா நைனா, கருவாடு கீது. ஐயருங்க கிட்டவே வரமாட்டாங்க. நீ குந்திக்கினு கீறியே!"

குனிந்து மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.

ஆக, எண் 2, அதாவது நான் சொன்ன பதில், தவறு. காலையில் என்னை எழுப்புவது காபி வாசனை அல்ல, மருமகள் டபராவை வைக்கும் சத்தம்.

நாளை டாக்டரிடம் திரும்பப் போகிறேன். உதட்டுக்குள் கீறிக்கொண்டவர் யாராவது இருந்தால், வலிக்காது என்று மட்டும் எழுதுங்கள்.