சேமக்காலைக்குப் போகிற வேகம்

போன மாதம் இங்கே டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில் பல் வைத்தியரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாய்க்குள் பஞ்சு, ஒரு குழாய், வைத்தியப் பிள்ளையின் இரண்டு விரல்கள். கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரி முடிவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு சிரிக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க வலிப்பு வந்தவர் மாதிரித்தான் இருக்குமாம். அந்தப் பிள்ளை கையை இழுத்துக்கொண்டு, நோகிறதா என்று பதறிக் கேட்டாள். "இல்லைப் பிள்ளை, இது எங்கட ஊர்ச் செத்தவீட்டுப் பாட்டு" என்று சொல்ல ஆசைதான். பஞ்சு விடவில்லை.

பாட்டின் பெயரை உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே கைபேசியில் தேடிக் கேட்டுவிட்டு, "இதுக்கோ இவ்வளவு கதை?" என்பீர்கள். அமெரிக்காவில் எப்போதோ எழுதப்பட்ட ஒரு ஜாஸ் பாட்டு என்பது போதும். உலகத்தில் வாத்தியம் தொட்டவர்கள் எல்லாரும் அதை ஒரு கை பார்த்திருக்கிறார்கள்.

அந்த அறையில் கராம்பு எண்ணெய் மணத்தது. கராம்பு மணத்தால் எனக்குக் கேரன் என்ற டேனிஷ் மனுஷியின் நினைவுதான் வரும். கராம்பும் கறுவாவும் போட்டு மெல்லிய மண்ணிறப் பிஸ்கற் சுடுவார். மற்ற டேனிஷ்காரர் அதை மார்கழியில் நத்தாருக்குத்தான் செய்வார்கள். கேரன் சித்திரையிலும் செய்வார். ஏன் என்று கேட்டதற்கு, "நத்தார் வரைக்கும் இருப்பேனோ என்று யார் கண்டது" என்றார். நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அந்த நாளில் எனக்கு டேனிஷ் பாதிதான் விளங்கும். மீதியைச் சிரித்துச் சமாளிப்பேன். ஆகவே இனி இதில் வருகிற டேனிஷ்காரர்கள் பேசுகிற தமிழ் என்னுடையது. அவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிரின்ஸ்டெட்டில் காற்றுக் குழாய்களுக்குத் தகடு வளைக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர் கேரனின் கணவர் அய்னர். ஐம்பது வயதை நெருங்கிய, தோள் அகன்ற மனிதர். என்னோடு அறையில் இருந்த மன்னார்ப் பீற்றர் அண்ணை அவரை முதல் நாளே "அய்யனார்" ஆக்கிவிட்டார். "மீசை ஒண்டுதானடா குறை. குதிரைக்குப் பதிலா வொல்வோ நிக்குது." டேனிஷில் எல்லாருக்கும் "நீ"தான். என் நாக்குக் கூசியது. "அய்னர் அண்ணை" என்று மரியாதையாகக் கூப்பிட்டேன். 'அண்ணை' அவர்கள் காதுக்கு 'ஆனே', அது அந்த நாட்டில் பெண்பிள்ளைப் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. பாவம், மனிதர் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்னார்: "என்ரை வீட்டிலை நிறையப் பிளேடர் கிடக்கு. சனிக்கிழமை வாவன்."

பிளேடர் என்றால் தகடுகள். தொழிற்சாலையில் நாள் முழுக்க எங்கள் காதில் விழுகிற சொல் அதுதான். மனிதர் வீட்டிலும் தகடு அடுக்கி வைத்திருக்கிறார், தூக்கிவைக்க ஆள் தேடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை நீல மேலங்கி, இரும்பு முனைச் சப்பாத்து, தோல் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த கேரன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பின்னால் மேசையில் பூ, மெழுகுதிரி, நல்ல கோப்பைகள், கராம்புப் பிஸ்கற்.

"அய்னர்," என்று உள்ளே குரல் கொடுத்தார், "வீட்டை உடைக்கப் போறமெண்டு நீ எனக்குச் சொல்லேல்லையே."

இசைத்தட்டுக்கும் அதே சொல்தான். அய்னர் சுவரோடு அடுக்கியிருந்த தட்டுகளைக் காட்டினார். நான் கையுறையைக் கழற்றிப் பைக்குள் ஒளித்தேன். பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றியபோது பெருவிரல் எட்டிப்பார்க்கிற காலுறை வெளிப்பட்டது. அதை ஒளிக்க வழியில்லை.

தட்டுகளில் பெரும்பாலானவை, நான் சொன்ன அந்த ஒரே பாட்டு, வேறு வேறு ஆட்கள் வாசித்தது. அய்னர் அதன் சரித்திரத்தை ஒரு பாதிரியார் வேதாகமம் சொல்வது போலச் சொன்னார். முதலில் அது ஏதோ நாடகத்துக்கு எழுதிய பகிடிப் பாட்டாம். நாடகம் படுத்துவிட்டது, பாட்டு எழும்பி நடந்தது. சிலர் அதை ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி வாசித்தார்கள். பிறகு ஒரு சாக்ஸபோன்காரர் அதைச் சோகமாக்கினார். ஒரு பியானோக்காரர் பாட்டைத் தேடிக்கொண்டே இருந்துவிட்டுக் கண்டுபிடிக்காமலே முடித்தார். வாயை அடைத்த டிரம்பெற்றில் ஒருவர் வாசித்தது மழையில் நனைந்த ஆடு கத்துவது போல இருந்தது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நல்லூர்த் திருவிழாவில் ஒரே ராகத்தை நாலு நாதஸ்வரக்காரர் வாசிக்க, யார் திறம் என்று அடிபடுகிற சனத்தைக் கண்டவன்தானே நானும்.

ஒவ்வொரு தட்டும் முடிய அய்னர் கேரனைப் பார்ப்பார். சோபாவில் கால் நீட்டியிருந்த கேரன் தலையை ஆட்டுவார். "கூட வேகம்." அடுத்தது. "இதுவும் வேகம்." சாக்ஸபோன்காரருக்கு மட்டும்: "இது வேகமில்லை. ஆனா எங்கை காலை வைக்கிறதெண்டு தெரியேல்லை."

விஷயம் இதுதான். கேரனின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. கோடையில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். திரும்பி வருவாரா என்று டொக்டர்மார் உறுதி சொல்லவில்லை. அதற்கு முன், வைகாசியில் அவர்களுக்கு இருபத்தைந்தாம் வருட வெள்ளிக் கல்யாணம். கல்யாண நாளில் இந்தப் பாட்டுக்குத்தான் இருவரும் ஆடினார்களாம். இன்னொரு தடவை ஆடவேண்டும் என்று கேரனுக்கு ஒரே பிடிவாதம். டொக்டர் ஒரு நிபந்தனை வைத்தார்: நடக்கிற வேகத்தைத் தாண்டக் கூடாது. அய்னர் நாடு முழுக்க எழுதிப் போட்டுத் தட்டு வாங்கிக்கொண்டிருந்தது கேரனின் இதயம் தாங்குகிற ஒன்றுக்காக.

எனக்கு அந்தப் பாட்டு முதல் தட்டிலிருந்தே எங்கேயோ இடித்துக்கொண்டிருந்தது. சாக்ஸபோன்காரர்தான் காட்டிக்கொடுத்தார். இது எங்கள் ஊர்ப் பாண்ட் வாசிக்கிறது! யாராவது செத்தால் கோயிலில் பூசை முடிந்து பெட்டியைத் தூக்கிச் சேமக்காலைக்குக் கொண்டுபோய்ப் புதைக்கிறவரை, இரண்டு கிளாரினெற், ஒரு டிரம்பெற், ஒரு பெரிய டிரம், இதே பாட்டு. மன்னார்ப் பக்கச் செத்தவீடுகளுக்கும் எங்கள் பாண்ட்தான் போகும். ரோமாபுரியில் ஒரு ஆண்டகை எழுதிய தேவ கீதம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பாண்ட் மாஸ்டர் ஒருகாலத்தில் கப்பலில் வேலை செய்தவர். எந்தத் துறைமுகத்தில் எந்தச் சாராயக் கடையில் காதில் வாங்கினாரோ!

துள்ளி எழும்பிவிட்டேன். "இது எங்கட ஊரிலையும் இருக்கு! மெதுவா!" கையைக் குவித்து வாயால் டிரம்பெற் வாசித்தேன், காலால் டிரம் அடித்தேன். பெட்டி தோளில் இருக்கிற ஆட்கள் தடுக்காமல் நடக்கிற வேகம் அது. ஓர் அடி, ஒரு மூச்சு, அடுத்த அடி.

கேரன் கோப்பையை வைத்தார். எழும்பினார். அய்னரின் தோளில் கையை வைத்தார். நான் வாசித்து முடிக்கிறவரை இருவரும் அந்தக் கம்பளத்தின் மேல் மெல்ல மெல்லச் சுற்றினார்கள். கேரனுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

"உங்கட ஊரிலை இதை எப்ப வாசிப்பினம்?" என்று அய்னர் கேட்டார்.

செத்தவீட்டுக்கு டேனிஷில் சொல் தெரியாது. ஒரு பெரிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து காட்டினேன்.

அய்னரின் முகம் மலர்ந்தது. "ஆ, வீடு மாறேக்கை!"

யோசித்துப் பார்த்தேன். பிழை என்றும் சொல்ல முடியவில்லை. தலையாட்டிவிட்டேன்.

அன்றே அய்னர் தன் கூட்டாளிகள் நாலு பேரைப் பிடித்தார், எல்லாரும் பித்தளைக் குழல் ஊதுகிறவர்கள். வெள்ளிக் கல்யாணத்தன்று விடிய வீட்டு வாசலில் வாசிப்பார்கள், நான் அவர்களுக்கு வேகம் பழக்கவேண்டும். பெருமையில் ஓர் அங்குலம் வளர்ந்து அறைக்கு வந்து பீற்றர் அண்ணையிடம் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டுகிறதை நிறுத்தினார்.

"டேய் விசரா. வருத்தக்காரப் பெம்பிளை. அவவின்ரை கலியாண நாளிலை சேமக்காலை மேளம் அடிக்கப் போறியோ?"

"அண்ணை, அவை அதைக் கேட்டுச் சந்தோசமா ஆடிச்சினம்."

"பெட்டிக்கை இருக்கிறவனும் சந்தோசமாத்தான் போறான். நாளைக்கு அந்த மனிசிக்கு ஒண்டு நடந்தா உன்ரை மூஞ்சையை எங்கை கொண்டுபோய் வைப்பாய்?"

சகுனம் பார்க்கிற ஆள் நான் இல்லை என்று ஊரில் வீரம் பேசினவன். இங்கே கேரனுக்கு ஒன்றென்றால் என்ன செய்வது என்று மீதி வெங்காயத்தை நானே வெட்டிக்கொண்டு யோசித்தேன்.

அடுத்த நாள் அகராதியில் அந்தச் செத்தவீட்டுச் சொல்லைத் தேடி மனனம் செய்துகொண்டு, அய்னர் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கேரனிடம் போனேன். வீடு மாறுகிறது இல்லை என்றேன். சொல்லைச் சொன்னேன். உச்சரிப்பில் நம்பிக்கை இல்லாமல் சமையலறைக் கதிரை இரண்டைச் சேர்த்துப் போட்டு, கையைக் கும்பிட்டு, அதில் படுத்தும் காட்டினேன்.

கேரன் அடுப்புப் பக்கம் திரும்பினார். அடுப்பில் பிஸ்கற் தட்டு இருந்தது. அதை எடுத்து வைத்தார். பிறகு கேட்டார்.

"வேகம் அதுதானே?"

"ஓம். வேகம் அதுதான்."

"அப்ப வாசியுங்கோ. என்ரை இதயத்துக்கு உங்கட ஊர் வழக்கம் தெரியாது. அதுக்கு வேகம் மட்டும்தான் தெரியும்." தட்டிலிருந்து பிஸ்கற்றைக் கிளப்பிக்கொண்டே, "அய்னருக்குச் சொல்லிப்போடாதை. அவன் பயந்த சுபாவம். கதிரையாலை எழும்பு, பிஸ்கற் சாப்பிடு" என்றார்.

அந்த வைகாசிக் காலையில் அவர்கள் வாசலில் அயலவர்கள் ஊசியிலைக் கொப்புகளால் பச்சை வளைவு கட்டியிருந்தார்கள். நடுவில் வெள்ளித்தாளில் இருபத்தைந்து. இன்னும் குளிர் போகவில்லை. சனம் சுற்றி நின்றது. நான் கையைக் காட்ட நாலு குழலும் தொடங்கின. கதவு திறந்தது. கேரன் நீலச் சட்டையில், அய்னர் மேலங்கிப் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு. இருவரும் ஈரப் புல்லில் இறங்கி ஆடத் தொடங்கினார்கள். என் கண் கேரனின் உதட்டிலேயே நின்றது, நீலம் பாரிக்கிறதா என்று.

பீற்றர் அண்ணை என்னைத் திட்டினாலும் கோட்டும் சூட்டும் போட்டு வந்திருந்தார். பாட்டு தொடங்கியதுதான் தாமதம். மனிதர் பழக்க தோஷத்தில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார், தலையைக் குனிந்தார், பெரிதாகச் சிலுவை போட்டார், வாய்க்குள் "நித்திய இளைப்பாற்றி" என்ற செத்தவர் செபத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் முழங்கையால் இடித்தேன். கேட்கிற ஆளா? சுற்றி நின்ற டேனிஷ்காரருக்கு, இது கத்தோலிக்கர் கல்யாணத்துக்குக் கொடுக்கிற ஆசீர்வாதம் என்று பட்டிருக்கவேண்டும். ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். முழுச் சனமும் தலை குனிந்து நின்றது.

அய்னரின் தோளுக்கு மேலால் கேரன் இதைக் கண்டார். முகத்தை அவர் மார்பில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்ற மனுஷி, "பாவம், அழுகிறா" என்று மூக்கைத் துடைத்தாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியும். குலுங்கிக்கொண்டே ஓர் அடி பிசகாமல் கடைசி வரை ஆடினார். முடிந்ததும் அய்னர் நேரே வந்து பீற்றர் அண்ணையின் கையைப் பிடித்து, இவ்வளவு அழகான ஆசீர்வாதத்தைத் தான் கண்டதே இல்லை என்றார். அதற்குப் பிறகு பீற்றர் அண்ணை அவரை அய்யனார் என்று சொன்னதில்லை.

ஒப்பரேசன் சரிவந்தது. வால்வு மாற்றிய கேரன் அடுத்த வருடமே ரயில் பிடிக்கிற வேகத்துக்கு ஆடினார். அந்த மெதுவான வேகம் அதன்பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை. ஊரில் எங்கள் பாண்டும் நிலைக்கவில்லை. சண்டை கடற்கரைக்கு வந்தபோது வாத்தியம் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கமாகச் சிதறினார்கள். அய்னரும் போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தார்கள், அழகாக, வேறு ஏதோ.

சில வருடங்களுக்கு முன் பீற்றர் அண்ணை கிரின்ஸ்டெட்டில் இறந்தார். பெட்டியைத் தோளில் தூக்க ஆள் போதாது, சேமக்காலை ஊருக்கு வெளியே, கறுப்புக் காரில் கொண்டுபோனார்கள். நாங்கள் எங்கள் கார்களில் பின்னால் ஓடினோம். சுற்றுவட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு பால் லொறி நுழைந்தது. நான் தவறான வழியால் திரும்பி, போய்ச் சேர்ந்தபோது அடக்கம் தொடங்கியிருந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் இன்னொருவரும் பிந்தி நின்றார். கேரன். வெள்ளைத் தலை, கையில் பிடித்து நடக்கிற தள்ளுவண்டி. சரளைக் கல்லில் அதன் சில்லுகள் மாட்டிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினார்.

"எனக்கு நடக்க ஏலாது. வாசி."

"இஞ்சையோ?"

"வீடுதானே மாறுறார்."

கையைக் குவித்து வாயால் தொடங்கினேன். ஓர் அடி, ஒரு மூச்சு. தள்ளுவண்டி உருண்டது. குழியடிக்கு நாங்கள் போய்ச் சேரும்வரை பாதிரியார் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் டேனிஷில் ஏதோ குசுகுசுத்தார்கள். சிரித்தார்களோ தெரியாது.

கேரனும் இப்போது இல்லை. மகளோடு புரொண்பிப் பக்கம் காரில் போகும்போது சிலவேளை நான் அதை முனகுவதுண்டு. "என்னப்பா, பற்றரி இறங்கிப்போச்சோ?" என்கிறாள் அவள். அவளுக்குச் சரியான வேகத்தைக் காட்டிக்கொடுக்கலாம் என்றால், அதற்கு இறங்கி நடக்கவேண்டும். எனக்கும் இப்போது இரண்டாவது வரியிலேயே மூச்சு முடிந்துவிடுகிறது.