உள்பக்கம் திருப்பிய ஆணி

நாய்க் கழுத்துக்கு முள்வளையம் விற்கிறார்கள். போன மாதம் வேலை தேடிப் போன ஓர் ஊரில், கடை வாசலில் பளபளப்பான உறைக்குள் தொங்கியது. முள்ளெல்லாம் உள்பக்கம். எதற்கு என்று கேட்டேன். "ட்ரெயினிங்குக்குண்ணே. இழுத்தா வலிக்கும், சொன்ன பேச்சு கேக்கும்" என்றான் கடையில் இருந்தவன், பல் பிரஷ் விற்கிறவன் மாதிரி. எனக்குக் காதுவரை சூடேறியது. எங்கள் மாமா கையால் செய்த அக்கிரமத்தை இப்போது கம்பெனி வைத்துச் செய்கிறார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருவொற்றியூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் கூடவே இருந்தார். கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். சோறு அவர் சம்பளத்தில் வெந்தது, அதனால் அவர் சொன்னதுதான் சட்டம். யார்டு வாசலில் ஒண்டிக் கிடந்த ஒரு செவலை நாயைப் பழக்கிக் காவலுக்கு நிறுத்தினால் மேனேஜரிடம் நல்ல பெயர் கிடைக்கும் என்று அதை வீட்டுக்கு இழுத்து வந்தார். எலும்பும் தோலுமாக இருந்ததால் நான் நெத்திலி என்று பெயர் வைத்தேன்.

அதற்கு ஒரு தோல் பெல்ட் வாங்கி வந்தார். சுற்றிலும் கூரான ஆணிகள், அழகுக்காக வெளிப்பக்கம் பார்த்தபடி. மாமா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கஸ்மாலம், கடைக்காரன் மாத்தித் தெச்சிகிறான் பாரு. ஆணி வெளிய இருந்தா நாய்க்கு எப்டி வலிக்கும்?"

உள்பக்கம் திருப்பிக் கட்டினார். கடைக்காரனின் தவறைத் திருத்திய பெருமை அவர் முகத்தில் இருந்தது.

பிறகு பாடம். "வா" என்பார். நாய் தயங்கினால் சங்கிலியைச் சுண்டுவார். அது கத்திக்கொண்டே வந்து சேர்ந்தால், லேட்டாக வந்ததற்கு ஓர் அறை. வராவிட்டாலும் அடி, வந்தாலும் அடி. இதில் அந்த ஜீவன் என்ன கற்றுக்கொள்ளும்? மாமா வேலைக்குப் போனதும் நான் கருவாட்டு டப்பாவைக் குலுக்குவேன். நெத்திலி வாலாட்டிக்கொண்டு ஓடி வரும். ஒரு கருவாட்டுத் தலை கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை சங்கிலிக் கொக்கி விட்டுப்போனது. நெத்திலி எண்ணூர் சாலைக்கு ஓடியது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அது ஒரு லாரிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டது. மாமா குனிந்து "வா! வா!" என்று கத்தினார். அவர் கத்தக் கத்த அது பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் வரிசை நகர ஆரம்பித்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"யோவ், வண்டி எடுக்கணும்யா. நாய இஸ்துக்கினு போவாம அடில பூந்து பஜன பாடிக்கினு கீற?"

"இருப்பா. ட்ரெயினிங் குட்த்த நாய், வந்துரும்."

"மாமா, கூப்டாத! நீ கூப்டறதாலதான் வரல!" என்று அலறினேன். ஓடி வரும்போதே டப்பாவைத் தூக்கி வந்திருந்தேன். லாரிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து குலுக்கினேன். ஹாரன் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. டிரைவர் என்ன நினைத்தாரோ, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, பின்னால் நின்றவர்களைப் பார்த்து ஹாரனை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அப்புறம் டப்பாச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் என் முழங்கையில் ஈர மூக்கு பட்டது.

பெல்ட்டை அவிழ்த்தேன். ஆணி பதிந்த இடமெல்லாம் சீழ். டிரைவர் எட்டிப் பார்த்தார். "இத உன் கழுத்துல மாட்டிக்கினு ஒரு ரவுண்டு வா, பாப்போம்" என்றார் மாமாவிடம். நான் பெல்ட்டைச் சாலையை ஒட்டிய கடலோரப் பாறைகளுக்கு அந்தப் பக்கம் வீசினேன். புண் ஆறியதும் என் ஸ்கூல் பெல்ட்டை, விரல் தாராளமாக நுழைகிற மாதிரி தளர்த்திக் கட்டிவிட்டேன். நெத்திலி காவலுக்குப் போகவில்லை. அந்த பெல்ட்டோடு எங்கள் தெருவிலேயே திரிந்தது. பெல்ட் இல்லாமல் போனதற்குப் பள்ளியில் என்னை வெளியே நிறுத்தினார்கள். நின்று நின்று பழகி, பிறகு உள்ளே போவதையே விட்டுவிட்டேன்.

லாரிக்கு அடியிலிருந்து நாயை மீட்ட அன்று சாயங்காலம் மாமா வாசலில் நின்று, "டேய், இங்க வா" என்றார். ஏதோ நல்லதாகச் சொல்லப்போகிறார் என்று ஓடினேன். நடுரோட்டில் அவர் மானத்தை வாங்கியதற்காகக் கன்னத்தில் அறை விழுந்தது. அதற்குப் பிறகும் அவர் அப்படித்தான் கூப்பிட்டார், நானும் போய்ப் போய் வாங்கிக்கொண்டேன்.

மீசை முளைக்கும் முன்பே ஊரைவிட்டுக் கிளம்பினேன். டோல்கேட் ஸ்டாப்பில் பஸ் ஏறும்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "நைனா, வாடா." அவ்வளவு பாசமாக அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. நான் இன்னும் வேகமாக முண்டி உள்ளே போனேன்.

லாரிக்கு அடியில் நெத்திலி ஏன் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். டோல்கேட்டில் என் கால் ஏன் உள்ளே ஓடியது என்பதுதான் தெரியவில்லை.